பல்லின் பின்பக்கம்

பம்பலப்பிட்டியில், கடலைப் பார்த்த இரண்டாம் மாடி.
மருதானைக்குப் போகிற ஒவ்வொரு ரயிலுக்கும்
தட்டில் கிடக்கும் கொக்கிகள் கிலுகிலுக்கின்றன.
டொக்டர் ருஸ்னா குட்டிக் கண்ணாடியை
என் மேல்வாய்க்குள் சரித்துவிட்டு
வெகுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

"தேசிக்காய் கூட எடுப்பீங்களோ?"

வாய் திறந்தபடி, ஓம் என்றேன்.
வெறும் 'ஆ'வாகத்தான் வந்தது.
இருபது வருடமாகக் கைவசம் வைத்திருந்த பதில்:
வெறுவயிற்றில் தேசிக்காய்த் தண்ணி, டொக்டர்,
கூடாத பழக்கம்.

"தேசிக்காய் முன்பக்கத்தைத்தான் முதல்ல தின்னும்.
உங்கட முன்பக்கம் வடிவா இருக்கு.
இது பின்பக்கத்தால வந்தது."

பின்பக்கத்தால்.

பேரை வாவியில், பள்ளிக்கூடப் படகில்,
துடுப்பில்லாமல் குந்தியிருந்தவன் நான்.
நாலு பேர் முதுகு காட்டி இழுத்துப் போகிற திசைக்கு
நான் ஒருவன்தான் முகம்.
எனக்குக் கொடுத்திருந்த ஒரே ஆயுதம் வாய்.
பச்சைத் தண்ணி நாற, கத்துவேன்:
இழு, விடு, இழு.

படகுக் கொட்டிலில் ஒரு தராசு இருந்தது.
"நல்ல கொக்ஸ் எண்டால்
குரலுக்கு மட்டும்தான் பாரம் இருக்கோணும்"
என்று கோச் பகிடி விட்டார்.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.
அன்றைக்கு அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சல்
முதல் தடவையாக வந்த வழியே திரும்பிப் போனது.

பிறகு மீசை வந்தது. படகில் வேறொரு பொடியன் ஏறினான்.
நான் படகைவிட்டு இறங்கினேன்,
தராசைவிட்டு இறங்கவில்லை.

கோட்டையில் உத்தியோகம். பன்னிரண்டாம் மாடிக் கழிவறையில்
பைப்பைத் திறந்துவிட்டால் ஒரு சத்தமும் வெளியே கேளாது.
யாருக்கோ பதவி உயர்வு, எல்லாருக்கும் புரியாணி.
"கன்னம் வைச்சிட்டுது, கலியாணச் சாப்பாடு!"
என்று மாமிமார் கிள்ளினார்கள்.
அதே இடத்தைத்தான் இப்போது டொக்டர்
கையுறை விரலால் மெல்ல அமத்துகிறார்.
அது சதை இல்லையாம். வீங்கின உமிழ்நீர்ச் சுரப்பியாம்.

கடைவாயில் எப்போதோ அடைத்த வெள்ளி
அப்படியே இருக்கிறது.
சுற்றியிருந்த பல்தான் கரைந்து இறங்கிவிட்டது,
வற்றின குளத்தில் பாறை தலைநீட்டுகிற மாதிரி.

ஏன் என்று கேட்பார் என்று இருந்தேன்.
நிப்பாட்டுங்கோ என்பார் என்று இருந்தேன்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
"அப்படி வந்தா, உடனே பிரஷ் பிடிக்க வேணாம்.
வெறுந்தண்ணியில கொப்பளிச்சிட்டு
அரை மணித்தியாலம் பொறுங்க.
அந்த நேரம் பல்லு மெழுகு மாதிரி, தேய்ஞ்சிடும்."

எவ்வளவு சுத்தமாக இருந்தேன்!
மணம் போகவேணும் என்று, சுபாங்கி எழும்பமுன்னம்,
இரண்டு தரம், மூன்று தரம்,
என் பல்லை என் கையாலேயே
தொட்டியில் துப்பியிருக்கிறேன்.

ஒரு துண்டில் ஒரு பெயர் எழுதித் தந்தார்.
செவ்வாய்க்கிழமைகளில் இருப்பாவாம். தமிழ் கதைப்பாவாம்.
என்ன டொக்டர் என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எனக்குச் சொல்தான் முதலில் போனது.

ஸ்டேஷனில் நிற்கிறேன். உப்புக்காற்று.
கீழுதடு என்னுடையதாக இல்லை.
போன் அடிக்கிறது. சுபாங்கி.
அவள் வழக்கமாகக் கேட்கிற முதல் கேள்வி,
இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்வி:
"சாப்பிட்டாச்சோ?"

ஆயிரம் தரம் 'ஓம்' என்று அடைத்த ஓட்டை.

"இழ்ழ," என்றேன்.
"என்னப்பா, வாய் குழறுது?"
"ஊசி போட்டது."
"சரி, விறைப்பு விட்டாப் பிறகு சாப்பிடுங்கோ."
"சுபா, அதில்ல—"

ரயில் வந்து நின்றது. சனம் ஏறினது.
அவள் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தாள்.
நான் ஏறவில்லை.